சிவனொளிபாதமலையில் சூரிய உதயம்: எப்போது புறப்படுவது, எந்த வழியில் ஏறுவது, உச்சியில் எதைப் பார்ப்பது

ஜனவரி மாதக் கடைசியில் இலங்கைக்கு வருவதாகவும், சிவனொளிபாதமலையில் இரவோடு இரவாக ஏறி உச்சியில் சூரிய உதயத்தைக் காண விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மணிக்கு நடக்கத் தொடங்க வேண்டும், எந்தப் பாதை ஏற்றது, அறுபத்தெட்டு வயதான தாயாரை அழைத்துச் செல்லலாமா, பார்ப்பதற்கு உதயத்தைத் தவிர வேறு ஏதும் உண்டா என்பவை உங்கள் கேள்விகள். முதல் மூன்றுக்கும் பலரும் பதில் சொல்லிவிடுவார்கள். கடைசிக் கேள்விக்கான பதிலைத் தெரிந்துகொள்ளாமலேயே பெரும்பாலானோர் மலையிறங்கிவிடுகிறார்கள் என்பதால் அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பருவத்தைப் பற்றி. மார்கழிப் பௌர்ணமியாகிய உந்துவப் போயாவில் தொடங்கி, வைகாசிப் பௌர்ணமியாகிய வெசாக் போயா வரைக்கும்தான் இந்த மலையின் யாத்திரைக் காலம். மற்ற மாதங்களில் பெல்மதுளையில் உள்ள கல்பொத்தாவல விகாரையில் வைத்துக் காக்கப்படும், இம்மலையின் காவல் தெய்வமான சமனின் திருவுருவம், பருவத் தொடக்கத்தில் ஊர்வலமாக மலையுச்சிக்குக் கொண்டு செல்லப்படுகிறது. அந்த ஐந்து மாதங்களும் பாதை நெடுகிலும் மின்விளக்குகள் எரியும், தேநீர்க் கடைகள் இரவு முழுவதும் திறந்திருக்கும், எந்த நேரத்திலும் மேலேயும் கீழேயும் ஆட்கள் போய்வந்துகொண்டிருப்பார்கள். வெசாக்குக்குப் பின்னர் தென்மேற்குப் பருவமழை மலையை மூடிக்கொள்ளும். விளக்கும் கடையும் இராது, காற்றும் மழையும் அட்டைக்கடியும்தான் மிஞ்சும். நீங்கள் வரும் ஜனவரிக் கடைசி, வானம் தெளிவாக இருப்பதற்கு வாய்ப்பு மிகுந்த நாட்களில் அடங்கும். ஆனால் போயா எனப்படும் பௌர்ணமி தினத்தையும், அதை ஒட்டி வரும் சனி, ஞாயிறுகளையும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மலை 2,243 மீட்டர் உயரமானது. இலங்கையின் மிக உயர்ந்த சிகரம் இதுவல்ல; பிதுருதலாகலை 2,524 மீட்டர். ஆனால் மத்திய மலைநாட்டின் தென்மேற்கு விளிம்பில், சப்ரகமுவத் தாழ்நிலத்தை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் இடத்தில் தனித்து நிற்பதால், கடலிலிருந்து வந்த மாலுமிகளுக்கு நெடுந்தொலைவிலேயே முதலில் தென்பட்ட மலை இதுதான். உச்சிப் பாறையில் பாத வடிவில் ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளமான பள்ளம் ஒன்று இருக்கிறது. பௌத்தர்களுக்கு அது புத்தரின் பாதம், சைவர்களுக்குச் சிவனின் பாதம், இஸ்லாமியர்களுக்கு ஆதம் நபியின் பாதம், கிறித்தவர்களில் சிலருக்குத் தோமையாரின் பாதம். இலங்கை முஸ்லிம்கள் இதைப் பாவாதமலை என்றே சொல்வார்கள். தமிழ் இலக்கியமும் இந்த மலையை அறியும்: இரத்தினத் தீவத்துச் சமந்த மலையின் உச்சியில் அறவோனாகிய புத்தரின் அடியிணை இருப்பதாக மணிமேகலை பேசுகிறது. ஆகவே நீங்கள் ஏறப்போவது காட்சி பார்ப்பதற்காக அமைந்த ஓர் இடத்தை அல்ல. பல நூற்றாண்டுகளாக மக்கள் வழிபாட்டுக்காக நடந்த பாதையில் நீங்களும் ஒருவராகச் சேர்ந்துகொள்கிறீர்கள். இந்த எண்ணத்தோடு நடப்பவர்களுக்கு மலை எளிதாகிறது என்பது என் உறுதியான நம்பிக்கை. அவசரப்படாமல், முந்தாமல், கைக்குழந்தையோடும் கைத்தடியோடும் ஏறுகிறவர்களின் வேகத்திலேயே நடக்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பாதைகள் பல இருந்தாலும் உங்கள் குடும்பத்துக்கு உகந்தது ஹட்டன் பக்கமாக நல்லதண்ணியிலிருந்து ஏறும் வழிதான். கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை செல்லும் ரயிலில் ஹட்டனில் இறங்கி, அங்கிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் பேருந்தில் போக வேண்டும். பருவ காலத்தில் ஹட்டனிலிருந்து நேராக நல்லதண்ணிக்கே பேருந்துகள் ஓடும். வழியில் மவுசாகலை நீர்த்தேக்கத்தின் கரையோரமாகவே நெடுந்தூரம் போவீர்கள். பழைய மஸ்கெலியா நகரம் அந்த நீருக்கு அடியில்தான் இருக்கிறது; வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய வழிபாட்டுத் தலங்களின் இடிபாடுகள் வெளியே தெரியும். இரு மருங்கிலும் நீங்கள் பார்க்கும் தேயிலை மலைகளைக் காடு வெட்டி உருவாக்கியவர்கள் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட நம் மக்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே லயங்கள் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில்தான் வாழ்கிறார்கள். நல்லதண்ணியில் பேச்சுக்கு மொழித் தடை ஏதும் உங்களுக்கு வராது.

இரத்தினபுரிப் பக்கமாகப் பலாபத்தலயிலிருந்து ஏறுவதே பழைய இராசபாட்டை. குருவிட்டையிலிருந்து எரத்ன வழியாகவும் ஏறலாம். இவ்விரண்டும் அடர்ந்த காட்டுக்குள் செல்பவை. தாழ்நிலத்திலிருந்து தொடங்குவதால் நல்லதண்ணி வழியோடு ஒப்பிட்டால் ஏற வேண்டிய உயரம் கிட்டத்தட்ட இரு மடங்கு. மலையேறிப் பழகியவர்களுக்கே அவற்றைப் பரிந்துரைப்பேன். இப்படி எளிய வழி, கடிய வழி என்று பிரித்துப் பேசுவது நேற்று இன்று வந்த வழக்கமும் அல்ல. 1344-ஆம் ஆண்டில் இங்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, பாபா வழி, மாமா வழி என்று ஆதமின் பெயராலும் ஏவாளின் பெயராலும் இரண்டு பாதைகளைக் குறிப்பிடுகிறார். மாமா வழி எளியது, ஆனால் அதில் ஏறியவர்களை யாத்திரை செய்தவர்களாக மற்றவர்கள் மதிப்பதில்லை என்று எழுதியிருக்கிறார். அவரை இம்மலைக்கு அனுப்பிவைத்தவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. மன்னர் ஒரு பல்லக்கும், ஆண்டுதோறும் பாத தரிசனத்துக்குச் சென்றுவரும் நான்கு யோகிகளும், மூன்று பிராமணர்களும், பத்துப் பரிவாரத்தாரும், உணவு சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்து வழியனுப்பினார். ஆண்டுதோறும் இம்மலைக்கு வந்த யோகிகள் தமிழ் மன்னர் ஒருவரின் ஆதரவில் இருந்தார்கள் என்பது, சிவனொளிபாதம் என்ற பெயருக்குப் பின்னால் உள்ள வழிபாட்டு மரபு எவ்வளவு பழையது என்பதற்கு நல்ல சான்று. செங்குத்தான பாறைகளில் பிடித்து ஏறுவதற்கு இரும்புச் சங்கிலிகள் பூட்டப்பட்டிருந்ததையும் அவர் விவரித்திருக்கிறார்.

இனி நேரக் கணக்கு. ஜனவரிக் கடைசியில் உச்சியில் சூரியன் எழுவது ஏறத்தாழ 6 மணி 25 நிமிடத்துக்கு. நல்லதண்ணியிலிருந்து உச்சி வரை சுமார் ஏழு கிலோமீட்டர். படிகள் 5,500-க்குக் குறையாது. ஏற வேண்டிய உயரம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர். ஓரளவு நடைப்பழக்கம் உள்ளவருக்கு இடையிடையே தங்கி ஏற மூன்றரை மணி நேரம் போதும். ஆகவே கூட்டமில்லாத வார நாளில் அதிகாலை 2 மணிக்கும் 2.30-க்கும் இடையில் புறப்படுவது சரியாக இருக்கும். "எதற்கும் முன்னதாகவே போய்விடுவோம்" என்று நள்ளிரவுக்கு முன்பே புறப்படுகிறவர்கள் மூன்று, மூன்றரை மணிக்கே உச்சியை அடைந்து, மறைவில்லாத இடத்தில் மூன்று மணி நேரம் குளிர்காற்றில் நடுங்குகிறார்கள். வெயில் வரும்போது அவர்களுக்குப் பார்க்கும் ஆசையே போய்விடுகிறது. ஏறும்போது உடல் வியர்த்துச் சட்டை நனைந்திருக்கும். நின்றவுடன் அந்த ஈரமே குளிரைப் பல மடங்காக்கும். அதனால் உலர்ந்த மேற்சட்டை ஒன்றைப் பையில் தனியாகக் கட்டி வைத்திருந்து, உச்சிக்குச் சற்றுக் கீழே உள்ள கடைசித் தேநீர்க் கடைகளில் ஒன்றில் மாற்றிக்கொள்ளுங்கள். கம்பளிக் குல்லாயைவிட முக்கியமானது இது. உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பு வரை அந்தக் கடையிலேயே இஞ்சி போட்ட பிளேன்டீயோடு உட்கார்ந்திருப்பதில் நட்டம் ஒன்றுமில்லை.

போயா நாளையும் வார இறுதியையும் தவிர்க்கச் சொன்னதற்கும் காரணம் இந்த நேரக் கணக்குதான். அந்த நாட்களில் கடைசி ஏற்றம் முழுவதும் மனித வரிசையாக இறுகிவிடும். ஒரு படி ஏறிப் பத்து நிமிடம் நிற்க வேண்டிவரும். உச்சிக்கு நூறு படி கீழே, முன்னால் நிற்பவரின் முதுகைத் தவிர வேறெதுவும் தெரியாத இடத்தில் விடியலைக் கழித்துவிட்டு இறங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வழிபாட்டுக்காகவே வருகிறவர்களுக்கு அது குறையாகத் தோன்றாது. உதயத்தைப் பார்க்கவென்றே கடல் கடந்து வருகிறவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம்.

பாதையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். தொடக்கத்தில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏற்றம் மென்மையாகவே இருக்கும். தோரண வாயிலைக் கடந்து, ஜப்பானியத் துறவிகள் கட்டிய சமாதானத் தூபி வெண்மையாகத் தெரியும் இடத்துக்கு அருகில் சீத கங்குல என்ற ஓடை வரும். யாத்திரிகர்கள் அதில் குளித்தோ கைகால் முகம் கழுவியோதான் மேலே நடப்பார்கள். சிறிது நேரத்தில் மலை தன் முகத்தைக் காட்டத் தொடங்கும்: தலையை நன்றாக நிமிர்த்திப் பார்த்தால் விளக்குகளின் வரிசை நெளிந்து நெளிந்து விண்மீன்களோடு கலக்கும் இடம் வரை போவது தெரியும். அதைப் பார்த்து மலைத்துப்போக வேண்டாம். காலடியில் உள்ள படியைப் பார்த்து நடந்தால் போதும். படிகள் ஒரே அளவாக இரா. சில ஒரு சாண் உயரம், சில முழங்காலுக்குப் பாதி உயரம். இந்த ஒழுங்கின்மைதான் தொடைகளைக் களைக்கவைக்கிறது. மூச்சு வாங்குவதும் படிகளாலேயே தவிர, 2,243 மீட்டர் என்பது பெரும்பாலோருக்கு உயர நோய் வரும் உயரம் அல்ல.

வழியில் இந்திகட்டுபான என்ற இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். புத்தர் இந்த மலைக்கு வந்தபோது கிழிந்த தம் அங்கியை இங்கே அமர்ந்து தைத்ததாக நம்பிக்கை. அதை நினைந்து யாத்திரிகர்கள் நூல் கோத்த ஊசியை இங்கே செருகிவிட்டு, நூலுருண்டையைப் பிரித்துக்கொண்டே மேலே ஏறுவார்கள். பருவத்தின் நடுப்பகுதியில் போனால் பாதையோரப் புதர்களிலும் கைப்பிடிக் கம்பிகளிலும் வெள்ளை நூல் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கும்; பனித்துளி கோத்த அந்த நூல்கள் விளக்கொளியில் வலைபோல் மின்னுவதைப் பார்க்கலாம். ஒரு சிறுமி நூலுருண்டையை இரண்டு கைகளிலும் பிடித்து, அறுந்துவிடாமல் மெல்ல விட்டுக்கொண்டே ஏற, அவளுடைய பாட்டி முடிந்த இடத்தில் முடிச்சுப் போட்டுப் புதிய உருண்டையைச் சேர்த்துக் கொடுப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கீழே இறங்கி வருகிறவர்கள் அந்த நூலை மிதிக்காமல் தாண்டிப் போனார்கள். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.

உச்சி மிகச் சிறிய இடம். காலணிகளைக் கழற்றிவிட்டுத்தான் பாத மண்டபத்துக்குப் போக வேண்டும். தரை பனிக்கட்டி போல் குளிர்ந்திருக்கும், ஆகவே தடித்த காலுறை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பாதத்தைப் படம் எடுக்கக் கூடாது. அங்குள்ள மணியை, எத்தனையாவது தடவையாக வந்திருக்கிறோமோ அத்தனை முறை அடிப்பது வழக்கம். நீங்கள் ஒரு முறை அடிக்கலாம். பக்கத்தில் ஒரு முதியவர் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே போனால், அவர் முடிக்கும் வரை காத்திருங்கள். தரிசனத்தை முதலில் முடித்துக்கொண்டு, அதன் பிறகு உதயத்துக்கு இடம் பார்ப்பதே நல்லது. விடியும் வேளையில் மேளமும் குழலும் ஒலிக்கப் பூசை நடக்கும், அப்போது மண்டபத்தை நெருங்குவது கடினம்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. உதயத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே கீழ்வானம் வெளுக்கத் தொடங்கும். ஜனவரிக் கடைசியில் சூரியன் நேர்கிழக்கில் எழுவதில்லை. தெற்குப் பக்கமாகச் சற்று விலகியே எழும். நேர்கிழக்கில் முப்பது கிலோமீட்டர் அளவு தொலைவில் ஹோர்ட்டன் சமவெளியும் 2,388 மீட்டர் உயரமான கிரிகல்பொத்தையும் இருக்கின்றன. அவற்றின் உயரம் நம் உயரத்தை ஒட்டியதே என்பதால் அந்த மலைமுகடுகள் ஏறத்தாழ நம் கண்மட்டத்திலேயே கருங்கோடாகத் தெரியும். பள்ளத்தாக்குகளில் மேகம் பால் கொட்டியதுபோல் நிரம்பியிருக்க, மவுசாகலை நீர் அதன் இடைவெளிகளில் முதலில் சாம்பல் நிறமாகவும் பிறகு செம்பு நிறமாகவும் மாறும். இதைப் பார்க்கத்தான் எல்லோரும் கிழக்குப் பக்கச் சுவரில் நெருக்கியடிப்பார்கள்.

நீங்கள் உதயத்துக்குப் பத்து நிமிடம் முன்பு ஒருமுறை மேற்கே திரும்பிப் பாருங்கள். அடிவானத்தை ஒட்டிக் கருநீலப் பட்டை ஒன்றும், அதன் மேல் இளஞ்சிவப்புப் பட்டை ஒன்றும் தெரியும். அந்தக் கருநீலம் பூமியின் நிழல். இன்னும் இரவு முடியாத பகுதியின் எல்லையை நீங்கள் அங்கே கண்ணால் பார்க்கிறீர்கள். பின்பு கிழக்கே சூரியன் விளிம்பு காட்டுவதைப் பார்த்து, கும்பிட்டு, படமும் எடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் மறுபடியும் மேற்குப் பக்கம் வந்துவிடுங்கள். அங்கே மலையின் நிழல் விழுந்திருக்கும். கூர்மையான, பிசிறில்லாத முக்கோணம். தாழ்நிலத்தின் மேல் படுத்துக் கிடப்பதுபோல் இல்லாமல், பனிமூட்டத்தில் எழுந்து நிற்பதுபோலவே தோன்றும். நிலத்தில் மட்டுமன்றி, நமக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள ஈரமும் தூசும் கலந்த காற்றிலும் அந்த நிழல் படிவதே அதற்குக் காரணம்.

மலை கூம்பு வடிவமாக இருப்பதால்தான் நிழல் முக்கோணமாக விழுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியன்று. கதிரவன் அடிவானத்தில் இருக்கும்போது எந்த மலையின் நிழலும் மிக நீண்டுவிடுகிறது. அந்த நீண்ட நிழலின் இரு விளிம்புகளும், நேராக ஓடும் தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றுசேர்வதுபோலத் தோன்றுவது போலவே, கதிரவனுக்கு நேர் எதிர்ப்புள்ளியில் குவிவதாக நம் கண்ணுக்குப் படுகின்றன. நிழலை வீழ்த்தும் உச்சியிலேயே நாமும் நிற்பதால் குவியும் முனையும் நமக்கு நேர் எதிரே அமைகிறது. சிவனொளிபாதமலை தனித்து நிற்பதும், மேற்கே தடையின்றிக் கடல் வரை தாழ்நிலம் விரிந்திருப்பதும், அந்தப் பக்கத்துக் காற்று ஈரம் நிறைந்திருப்பதும் சேர்ந்து, உலகில் பல மலைகளிலும் நேரும் இந்த நிகழ்வை இங்கே இவ்வளவு துலக்கமாக்கியிருக்கின்றன.

அந்த நிழலின் வேகத்தையும் கவனியுங்கள். நம் அகலாங்கில் கதிரவன் ஒரு பாகை (டிகிரி) ஏற நான்கு நிமிடம் அளவே ஆகிறது. ஒரு பாகையில் நிழலின் நீளம் 120 கிலோமீட்டருக்கு மேல். மேற்குக் கரையோ 70 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது, ஆகவே முனை கடலுக்குள் கிடக்கும். இன்னும் நான்கு நிமிடத்தில் அது கரைக்கு உள்ளே வந்து 60 கிலோமீட்டர் சொச்சமாகிவிடும். உதித்து இருபது நிமிடம் ஆகும்போது வெறும் 25 கிலோமீட்டர். பெப்ரவரி பிற்பகுதியில் இந்த முனை ஏறத்தாழக் கொழும்பின் திசையை நோக்கி நீளும். நீங்கள் வரும் நாட்களில் அதற்குச் சற்று வடக்கே. சுருங்கச் சுருங்க நிழலின் விளிம்புகள் மங்கி, கால்மணி நேரத்துக்குப் பின் அதை நிழல் என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கே அது தென்படும். மேற்கே மேகம் நமக்குக் கீழே அடர்ந்து நின்றால், நிழலின் முனையைச் சுற்றி வண்ண வளையம் ஒன்றும் தோன்றக்கூடும். அது ஒவ்வொருவருக்கும் அவரவர் தலையைச் சுற்றியே தெரியும். பக்கத்தில் நிற்பவரின் வளையம் உங்களுக்குத் தெரியாது. மேகம் உச்சியையே மூடிவிட்டால் இவை எதுவும் கிடைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்; தெளிவான பருவத்திலும் அப்படி நடப்பதுண்டு.

இறக்கத்தை யாரும் அற்பமாக நினைக்க வேண்டாம். ஏறும்போது மூச்சுக்குத்தான் வேலை. இறங்கும்போது முழு எடையும் முழங்காலில் விழுகிறது. பக்கவாட்டில் சாய்ந்து, கைப்பிடியைப் பற்றி, சிறு அடிகளாக இறங்குங்கள். எட்டு மணிக்குப் பிறகு வெயில் கடுமையாகும், ஆகவே தண்ணீரை மேலேயே தீர்த்துவிடாதீர்கள். வெற்றுப் போத்தலையும் பாலித்தீன் உறைகளையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். இந்த மலைக்காடு 2010-இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. களனி கங்கைக்கும் களு கங்கைக்கும் வளவை கங்கைக்கும் நீர் தருவது. இங்கே எறியும் உறை கீழே யாரோ ஒருவரின் குடிநீரில்தான் போய்ச் சேர்கிறது, இதை எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் தகும்.

உங்கள் தாயாரைத் தாராளமாக அழைத்துச் செல்லலாம், இதய நோயும் கடுமையான முழங்கால் வலியும் இல்லாதவரானால். அவர் வயதினரும் அவரைவிட மூத்தவர்களும் ஒவ்வொரு நாளும் ஏறுகிறார்கள். ஆனால் உங்களோடு அதிகாலை இரண்டு மணிக்கு அவரைப் புறப்படச் செய்ய வேண்டாம். முதியவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல, முந்தைய நாள் பிற்பகல் மூன்று மணியளவில் குடும்பத்தில் ஒருவர் துணையோடு அவரை ஏறத் தொடங்கச் சொல்லுங்கள். பாதையோர அம்பலங்களிலும் கடைகளிலும் இரவு படுத்துறங்கிச் செல்ல இடம் கிடைக்கும். ஒரு போர்வையும், வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளும் கையில் இருந்தால் போதும். மற்றவர்கள் பின்னிரவில் ஏறி, கடைசிக் கடைகள் இருக்கும் இடத்தில் ஐந்து மணியளவில் அவரோடு சேர்ந்துகொண்டு, எஞ்சிய ஏற்றத்தை ஒன்றாக முடிக்கலாம். நடுவழியில் அவருக்குப் போதும் என்று தோன்றினால் அங்கேயே நின்றுவிடலாம். கிழக்கு நோக்கித் திறந்திருக்கும் வளைவுகள் பாதையில் பல உண்டு, உதயம் அங்கிருந்தும் நன்றாகவே தெரியும்.